கூட வருகிறவர் யார்?

காட்டாற்றில் கயாக் ஓட்டப் போகிறேன் என்று சொன்னால், “நீச்சல் தெரியுமா?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கூட யார் யார் வருகிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கென்னவோ அதுதான் முதல் கேள்வி என்று படுகிறது.

நண்பர்களாகச் சேர்ந்து நேபாளத்துச் சுன்கோசிக்குப் போயிருந்தோம். மழை ஓய்ந்து வெள்ளம் வடிந்த அக்டோபர் கடைசி. இந்திராவதி வந்து கலக்கும் தோலால்காட்டில் படகை இறக்கினால், சமவெளி தொடங்கும் சத்தரா வரை ஏறத்தாழ 270 கிலோமீட்டர். வழியில் தாமாகோசி, தூத்கோசி. முடிவில் அருணும் தமோரும். ஒவ்வோர் ஆறு சேரும்போதும் தண்ணீரின் கனம் துடுப்பில் தெரியும். எங்களில் பலர் கோழிக்கோட்டு மலையடிவாரத்தில், சாலிப்புழாவின் மழைக்காலத் தண்ணீரில் பழகியவர்கள். அங்கே குறுகலான ஆறு, நெருக்கமான பாறைகள். இங்கே ஆள் உயரத்துக்கு மேல் அலை எழும். சாப்பாடும் கூடாரமும் ராஃப்டில் வந்துவிடும், இரவில் மணல்திட்டில் படுக்கை. இதையெல்லாம் சுற்றுலாக் கையேடுகள் போதும் போதுமென்று எழுதிவிட்டன.

கையேட்டில் வராதது, கரையில் நிற்கும் நேரம். ஹர்காபூர் ரேப்பிட், அதாவது ஆறு சீறிப் பாயும் இடம், வரும்போது எல்லோரும் படகைக் கரையில் ஒதுக்கிவிட்டுப் பாறைமேல் ஏறினோம். தண்ணீர் பெரிய பாறையைத் தாண்டி விழுந்து, விழுந்த இடத்திலேயே மேல்நோக்கிச் சுருளும். அதற்கு ‘ஹோல்’ என்று பெயர். மாட்டினால் ஆளை விடாமல் புரட்டும். மேலிருந்து பார்க்கும்போது வழி தெளிவாகத் தெரிகிறது. இடப்பக்கம் நுழை, கறுப்புப் பாறையை ஒட்டி வலப்பக்கம் வெட்டு. படகில் உட்கார்ந்துவிட்டால் கண் இருப்பது தண்ணீர் மட்டத்தில். எதிரே ஒரு கோடும் அதற்கப்பால் தெறிக்கும் நுரையும்தான். கறுப்புப் பாறையா, எங்கே?

நெடுநேரம் பார்த்த பிறகு, எங்களிலேயே நன்றாக ஓட்டக்கூடியவர் படகைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கரையோரமாக நடக்க ஆரம்பித்தார்.

“என்னண்ணே?”

“இன்னிக்கு வேணாம்டா.”

அவ்வளவுதான். யாரும் காரணம் கேட்கவில்லை, கேலி செய்யவில்லை. அவர் கீழே போய்ப் படகை வைத்துவிட்டு, கயிற்றுப் பையோடு ஹோலுக்குக் கீழே பாறையில் காலூன்றி நின்றுகொண்டார். அதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு பேர் நடந்தார்கள்.

கயிற்றோடு அவர் நின்றதைப் பார்த்தபோது மைக் ஜோன்ஸ் நினைவுக்கு வந்தார். 1976இல் எவரெஸ்ட் அடிவாரத்துத் தூத்கோசியில் கயாக் ஓட்டிய பிரிட்டிஷ் குழுவுக்கு அவர்தான் தலைவர். அந்தப் பயணம் படமாகவும் வந்து பெயர் வாங்கியது. 1978இல் பாகிஸ்தானின் பிரால்டு ஆற்றில், தத்தளித்த தோழரைக் காப்பாற்றப் போய் ஜோன்ஸ் இறந்துபோனார். வீரம் என்கிறார்கள், சரிதான். எனக்கு அதில் வேறொரு கணக்கும் தெரிகிறது. ஆற்றில் நான் கவிழ்ந்தால் என் நண்பன் கரையில் கைகட்டிக்கொண்டு நிற்கமாட்டான். ஆகவே “என் உயிர், என் இஷ்டம்” என்ற பேச்சு அங்கே செல்லாது.

கூட வருகிறவர்மேல் உள்ள இந்தக் கவனம் சைகைகளிலும் உண்டு. துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கினால் வரலாம், குறுக்கே பிடித்தால் நில். கையை எந்தப் பக்கம் நீட்டினாலும் அது போகவேண்டிய பக்கம். ஆபத்தை ஒருபோதும் சுட்டிக்காட்டக் கூடாது. இரைச்சலில் பாதி பார்த்துவிட்டு ஒருவன் அங்கேயே போய்விடுவான்.

அன்று ஹர்காபூரில் நண்பன் ஒருவன் கவிழ்ந்தான். தலைகீழாக இருந்தபடியே துடுப்பைப் போட்டு நிமிரப் பார்த்தான், முடியவில்லை. மறுபடியும் முடியவில்லை. இடுப்பைச் சுற்றி மூடிய ஸ்கர்ட்டை இழுத்துப் பிரித்து வெளியே வந்தான். நடந்து போன அண்ணன் எறிந்த கயிறு அவன் நெஞ்சுக்குக் குறுக்கே விழுந்தது. பற்றிக்கொண்டு மல்லாந்து, கயிற்றைத் தோள்மேல் போட்டுக்கொண்டான். கையில் சுற்றவில்லை, சுற்றினால் இக்கட்டில் விடமுடியாது. ஆறே அவனை அரைவட்டமாகக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. படகைப் பிடிக்க இருவர் துரத்திக்கொண்டு போனார்கள்.

படகைவிட்டு நீந்தி வந்தவர், தான் போட்டிருந்த ஈரக் காலணியில் பீர் ஊற்றிக் குடிக்கவேண்டும் என்பது உலகெங்கும் கயாக்காரர்களின் வழக்கம். அன்று இரவு மணல்திட்டில் அவனும் குடித்தான், மூக்கைப் பிடித்துக்கொண்டு. படகைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களுக்கு அந்தத் தண்டனை கிடையாது.