லைனுக்கும் எடை பார்ப்போம்

மூட்டை இறங்கும்போது எடை போட்டுப் பார்க்காத வணிகர் நம்மில் எவரும் இல்லை. சிட்டையில் 50 கிலோ என்று எழுதியிருந்தாலும், நமது தராசில் ஏற்றி, சாக்கு எடை கழித்த பிறகே வரவு வைக்கிறோம். ஆனால் மாதாமாதம் பணம் கட்டி வாங்கும் இன்டர்நெட் லைனில் மட்டும் கொடுப்பவர் சொன்ன அளவை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். "40 எம்பி போட்டிருக்கிறேன்" என்றால் சரி என்கிறோம். "போதவில்லை அண்ணாச்சி, 100 எம்பிக்கு மாறிவிடுங்கள்" என்றால் அதற்கும் சரி என்கிறோம். லைன் எவ்வளவு ஓடுகிறது, யாருக்காக ஓடுகிறது என்று பார்க்காமல் பெரிய திட்டத்துக்கு மாறுவது வீண் செலவு என்பதே நமது கருத்து.

நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே லைன், ஒரே ரவுட்டர். கீழே பில் போடும் கம்ப்யூட்டர், கண்காணிப்பு கேமரா, வாட்ஸ்அப்பில் வரும் சாமான் சீட்டு. மேலே டிவி, பிள்ளைகளின் செல்போன், லேப்டாப். இத்தனையும் அந்த ஒரு கம்பி வழியாகத்தான் போகின்றன. மாலை 6 மணிக்குக் கடையில் கூட்டம் நெருக்கும்போது மேலே பையன் ஒரு விளையாட்டை இறக்க ஆரம்பித்திருப்பான். இன்றைய பெரிய விளையாட்டுகள் 60 ஜிபி கூட இருக்கின்றன. 40 எம்பி லைன் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் அது இறங்கி முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடை மூடும் வரை கீழே பில் தடுமாறும். மொத்த வியாபாரிகளுக்கோ, லாரியில் சரக்கு ஏற்றி முடித்து டிரைவர் காத்து நிற்க, ஈ-வே பில் வராமல் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த 40 எம்பி கணக்கையும் சொல்லிவிடுவோம். லைன்காரர் சொல்லும் எம்பி மெகாபிட். கம்ப்யூட்டர் காட்டும் எம்பி மெகாபைட். எட்டு நாழி ஒரு குறுணி என்பது போல எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 40 மெகாபிட் லைனில் வினாடிக்கு 5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. 5 தான் வருகிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

எல்லாப் பழியையும் லைன்மேல் போடுவதும் சரியல்ல. பணம் வந்ததைச் சொல்லும் யூபிஐ ஒலிப்பெட்டி பெரும்பாலும் தனக்குள் ஒரு சிம் கார்டு வைத்திருக்கிறது. வாடிக்கையாளரின் போன் அவருடைய டேட்டாவில் ஓடுகிறது. அறிவிப்பு தாமதமானால் நமது ரவுட்டருக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. அதற்காகப் பெரிய திட்டத்துக்கு மாறிப் பயனில்லை.

நம்மவர்கள் கவனிக்காமல் விடுவது, வெளியே போகும் கணக்கைத்தான். இறக்கத்தையே எல்லோரும் கேட்கிறார்கள். ஏற்றத்தை யாரும் கேட்பதில்லை. கேமரா பதிவுப் பெட்டி கடையிலேயே ஹார்டு டிஸ்கில் பதியும் வரை லைனுக்குச் செலவில்லை. முதலாளி வெளியூரில் இருந்துகொண்டு நான்கு கேமராவையும் முழுத் தெளிவில் போனில் பார்க்கும்போதுதான் விஷயம் மாறுகிறது. ஒரு கேமராவுக்கு 4 எம்பி என்று வைத்தாலும் 16 எம்பி வெளியே போய்க்கொண்டிருக்கும். ஏற்றம் குறைவாக உள்ள லைனில் இது ஒன்றே வாசலை அடைத்துவிடும். வெளியே போவது அடைபட்டால் உள்ளே வருவதும் ஏன் நிற்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். சரக்கு வந்து சேர்ந்ததற்கு ரசீது போனால்தான் அடுத்த லோடு கிளம்பும் என்பது நமக்குத் தெரிந்த நடைமுறை. இன்டர்நெட்டிலும் அப்படியே. வந்த ஒவ்வொரு பகுதிக்கும் ஒப்புகை திரும்பிப் போக வேண்டும். ஒப்புகை வரிசையில் சிக்கினால் இறக்கமும் தள்ளாடும். கல்யாண வீடியோவை போன் தானாகவே கூகுளுக்கு ஏற்றுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. அது நடப்பது போன் வைத்திருப்பவருக்கே தெரியாது.

சரி, எப்படிப் பார்ப்பது? வீட்டு ரவுட்டருக்கு உள்ளேயே ஒரு பக்கம் இருக்கிறது. பில் கம்ப்யூட்டரின் பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் பெரும்பாலான பெட்டிகள் திறக்கும். நல்ல ரவுட்டர்களில் இந்த நொடியில் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது, எந்தச் சாதனம் எவ்வளவு எடுக்கிறது என்று தனித்தனியாகவே காட்டும். லைன்காரர் கொடுக்கும் பெட்டிகள் பலவற்றில் அந்த வசதி கிடையாது. இதுவரை வந்த பைட், போன பைட் என்று மொத்தக் கணக்கு மட்டும் இருக்கும். அதுவும் போதும். கரண்ட் மீட்டர் போலத்தான் அது. ஒருமுறை குறித்துக்கொண்டு, சரியாக ஒரு நிமிடம் கழித்து மறுபடி குறியுங்கள். வித்தியாசத்தை 60 ஆல் வகுத்து 8 ஆல் பெருக்குங்கள். ஒரு நிமிடத்தில் 24 கோடி பைட் கூடியிருந்தால் வினாடிக்கு 32 மெகாபிட் ஓடுகிறது என்று பொருள். 40 எம்பி லைனில் மிச்சம் 8 தான். சில பெட்டிகளில் சுமார் 429 கோடி பைட் ஆனதும் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இரண்டாவது எண் சிறியதாக வந்தால் பயப்படாமல் இன்னொரு தடவை எடுங்கள். இந்தக் கணக்கை வெளி லைனுக்கு உரிய இடத்தில், அதாவது வான் என்று போட்டிருக்கும் பகுதியில் பார்க்க வேண்டும். லான் பகுதியில் வரவும் செலவும் தலைகீழாக இருக்கும்.

இந்த வழி புதிதல்ல. 1990களின் நடுவில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் வெறும் 64 கிலோபிட் லைனை எல்லோரும் பங்கிட்டுக்கொண்டிருந்தபோது, டோபியாஸ் ஓட்டிக்கர் என்பவர் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ரவுட்டரின் கணக்கைப் படித்துக் கோடு போட்டுக் காட்டும் எம்.ஆர்.டி.ஜி. என்ற நிரலை எழுதினார். ஒரு எண்ணிலிருந்து இன்னொரு எண்ணைக் கழிப்பதுதான் அதன் அடிப்படையும்.

கம்ப்யூட்டரில் போடும் அளவை மென்பொருள் அந்த ஒரு கம்ப்யூட்டரின் கணக்கை மட்டுமே சொல்லும். மாடியில் ஓடுவது அதற்குத் தெரியாது. ஸ்பீடு டெஸ்ட்டோ, லைனைத் தானே நிரப்பிப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்வது. கூட்ட நேரத்தில் அதைப் போட்டுப் பார்ப்பது, வியாபாரம் நடக்கும்போது கல்லாவைக் கவிழ்த்து எண்ணுவது போல.

இங்கேதான் ஒரு முட்டுக்கட்டை. ரவுட்டரின் பாஸ்வேர்டைப் பல இடங்களில் லைன்காரரே வைத்துக்கொண்டு, கேட்டால் தர மறுக்கிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. எதையாவது மாற்றிவிட்டு லைன் போய்விட்டது என்று இரவு 10 மணிக்குப் போன் செய்பவர்கள் நம்மிலும் உண்டு. ஆனால் அமைப்பை மாற்றும் உரிமை வேறு, அளவைப் பார்க்கும் உரிமை வேறு. பார்ப்பதற்கு மட்டும் தனிப் பெயரும் பாஸ்வேர்டும் பல பெட்டிகளில் ஏற்கெனவே உண்டு. நமது எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறோம். வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எண் தெரிய நிறுக்கிறோம். நமக்கு விற்பவரிடம் நாமும் அதையே கேட்கலாம்.

ஒரு வாரம் காலை, உச்சிப் பொழுது, மாலை என்று குறித்து வையுங்கள். வேண்டாத ஓட்டம் எதுவும் இல்லாமலேயே அளவு நாள் முழுதும் உச்சியில் நின்றால், தயங்காமல் பெரிய திட்டத்துக்குப் போங்கள். அதில் கஞ்சத்தனம் கூடாது. மாடியில் ஒரு சாதனம்தான் காரணம் என்று தெரிந்தால், இறக்குவதைக் கடை மூடிய பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேமராவைப் போனில் பார்க்கும்போது குறைந்த தெளிவுக்கு மாற்றுங்கள். பில் கம்ப்யூட்டருக்கு வைஃபை வேண்டாம், வயர் இழுத்துவிடுங்கள். யாருடையது என்று தெரியாத போன் பட்டியலில் வந்தால் உடனே திருட்டு என்று முடிவுகட்ட வேண்டாம். இப்போதைய போன்கள் தம் அடையாள எண்ணை மறைத்து வேறொன்றைக் காட்டும். வீட்டுப் போன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தும் அது நின்றால் வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். லைன் காலியாக இருந்தும், வயரில் இணைத்தும், எல்லாத் தளங்களும் மெதுவாக இருந்தால் கோளாறு வெளியே. தேதி, நேரம், அளவு மூன்றையும் எழுதிக் காட்டினால் லைன்காரர் "உங்கள் பக்கம்தான் சார்" என்று சொல்லித் தப்ப முடியாது.

அளவைப் பார்க்கும் பாஸ்வேர்டு தர மறுக்கப்பட்ட உறுப்பினர்கள் பகுதியையும் மறுத்த நாளையும் குறித்துச் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுகிறோம். தனித்தனியாகக் கேட்டுக் கிடைக்காததை ஒரு தெருவின் 30 கடைகள் சேர்ந்து கேட்டுப் பார்ப்போம்.