அண்டை வீட்டாரின் ஆக்ஷேபணை

தன் மனையில் தான் வீடு கட்டிக்கொள்ளும் உரிமையைப் பற்றிப் பேசுவோர் நம் ராஜ்யத்தில் பலர் உளர். அவ்வீட்டுக்கு அடுத்த வீட்டில் வசிப்பவரின் உரிமையைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. பத்திரிகைகளும் சட்டசபைகளும் பெரிய மாளிகைகளின் விதிமீறல்களைக் கவனிக்கின்றன. சிறு வீட்டின்மேல் எழும் ஒரு மாடியினாலும், பக்கத்துச் சந்தில் சேரும் ஓர் அறையினாலும், அடுத்த குடும்பத்துக்கு நேரும் கஷ்டத்தை யாரும் பொது விஷயமாகக் கொள்வதில்லை. இது பொது விஷயமே என்பதும், இதில் சட்டம் செய்திருக்கும் குறை சுலபமாகத் தீரக்கூடியது என்பதும் நமது அபிப்பிராயம்.

மணலிக்கு அருகிலுள்ள மாத்தூரை எடுத்துக்கொள்வோம். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-ஆம் வருஷத்தில் இயங்கத் தொடங்கியது. அதையொட்டி உரத் தொழிலும் ரசாயனத் தொழில்களும் பெருகின. அந்த வட்டாரத்தில் 1974-ல் சட்டபூர்வமாக அமைந்த சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மனைகளை வகுத்துக் குடியேற்றம் செய்தது. நகரின் பெயர் மாறியபோது அந்த ஸ்தாபனத்தின் ஆங்கிலப் பெயரும் மாறிவிட்டது. எனினும் இன்றளவும் ஜனங்கள் அவ்விடத்தை ‘எம்.எம்.டி.ஏ. மாத்தூர்’ என்றே வழங்குகிறார்கள். 2011-ஆம் வருஷத்தில், சென்னை நகரின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, மாத்தூரும் கார்ப்பொரேஷனுக்குள் வந்தது.

இத்தகைய குடியேற்றங்களில் நடப்பதை நாம் அறிவோம். தந்தை ஒரு கூடமும் ஓர் அறையுமாகக் கட்டினார். மகனுக்குக் கல்யாணமாயிற்று, மேலே ஓர் அறை வேண்டும். தொழிற்சாலைகளுக்கு வருவோருக்கு வாடகை வீடு அகப்படுவதில்லை. இரண்டு போர்ஷன் கட்டினால் வருமானமாகும். இவையெல்லாம் நியாயமான காரணங்களே. ஆனால் மேஸ்திரி நூல் பிடித்ததும், பக்கத்தில் விடவேண்டிய இடைவெளி சுருங்குகிறது. மாடிப்படி வெளியே நீள்கிறது. சன்ஷேடு அடுத்த மனையின் எல்லைக்குமேல் தொங்குகிறது. நேற்றுவரை வெளிச்சம் வந்த ஜன்னலுக்கு இரண்டடிக்கு அப்பால் செங்கற்சுவர் நிற்கிறது. அடுத்த வீட்டார் இச்செய்தியை அறிவது எப்போது? மணலும் ஜல்லியும் வாயிலில் வந்து இறங்கும்போதுதான்.

இதற்குச் சட்டத்தின் அமைப்பே காரணம். 1971-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 49-வது பிரிவின்படி, கட்டடம் எழுப்ப விரும்புவோர் திட்ட அனுமதி கோரி மனுச் செய்யவேண்டும். புதிதாகக் கட்டுவதைப் போலவே, இருக்கும் வீட்டை விஸ்தரிப்பதும் அனுமதிக்கு உட்பட்டதே. எவ்வளவு உயரம், எத்தனை இடைவெளி, மொத்தத் தளப்பரப்பு எவ்வளவு என்பவற்றை 2019-ஆம் வருஷத்து ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வரையறுக்கின்றன. விதிகள் இருக்கின்றன, அவற்றைப் பார்த்துக்கொள்ள உத்தியோகஸ்தர்களும் இருக்கின்றனர். ஆனால் சாதாரண வீட்டு விஷயத்தில், அண்டை வீட்டாருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் சொல்லைக் கேட்டபின்னரே அனுமதி அளிக்கவேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. நிலத்தின் உபயோக வகையை மாற்றும்போது பொதுஜனங்களின் ஆக்ஷேபணையைக் கேட்கும் சட்டம், சுவரோடு சுவராக வாழ்பவரின் ஆக்ஷேபணையைக் கேட்பதில்லை. அனுமதி உத்தரவினால் பாதிக்கப்பட்டவர் அப்பீல் செய்ய 79-வது பிரிவு இடம் தருகிறது என்பர். உத்தரவு பிறந்ததே தெரியாதவர் எதன்மேல் அப்பீல் செய்வார்?

2024-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் சர்க்கார் சுயசான்று முறையைக் கொண்டுவந்தனர். 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், தரைத்தளமோ அதன்மேல் ஒரு தளமோ கொண்டு, 3,500 சதுர அடிக்கு மேற்படாத வீடு கட்டுவோர், விதிகளைப் பின்பற்றுவதாகத் தாமே சான்றளித்தால் உடனே அனுமதி கிடைக்கும். சிறு மனைக்காரர் ஆபீஸ் ஆபீஸாக அலைந்த துன்பத்தை இம்முறை நீக்கியது. இடைத்தரகரின் பிடியையும் தளர்த்தியது. அதற்காகச் சர்க்காரைப் பாராட்டுவதில் நமக்குத் தயக்கமில்லை. ஆனால் 2,500 சதுர அடி என்பது ஒரு கிரவுண்டுக்குச் சற்றே அதிகமான அளவாகும். நெருக்கமான சிறு மனைகள் எவையோ அவையே இவ்வரம்புக்குள் அடங்குகின்றன. எங்கே ஓரடி பிசகினாலும் அடுத்த வீட்டின் காற்று நின்றுவிடுமோ, அங்கேயே உத்தியோகஸ்தரின் முன்பார்வை நீங்கியிருக்கிறது. அவருடைய கண் விலகிய இடத்தில் அண்டை வீட்டாரின் கண்ணையாவது வைத்திருக்கவேண்டாமா?

கட்டடம் எழுந்தபின் பரிகாரம் தேடலாமே என்று சிலர் கூறுவர். அப்பரிகாரங்களின் நிலை என்ன? அனுமதியின்றியோ அனுமதிக்கு மாறாகவோ கட்டியதை அகற்ற 56-வது பிரிவும், நடக்கும் வேலையை நிறுத்த 57-வது பிரிவும் அதிகாரம் அளிக்கின்றன. புகார், நோட்டீஸ், பதில், சர்க்காருக்கு மனு, ஹைக்கோர்ட்டில் ரிட் என்று காலம் கழிவதற்குள், கூரைத்தளம் போட்டு, குடியும் ஏறிவிடுகிறது. சிவில் கோர்ட்டை நாடினால், 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்தின்படி, 20 வருஷகாலம் தடையின்றி அநுபவித்த வெளிச்சத்துக்கும் காற்றுக்குமே பாதுகாப்பு உண்டு. நஷ்டமும் கணிசமானதென்று நிரூபிக்கவேண்டும். புது மாடியின் ஜன்னல் தம் முற்றத்தைப் பார்க்கிறது என்ற குறைக்கோ நமது மாகாணத்தில் நெடுங்காலமாகவே ஆதரவில்லை. அது சட்டம் பரிகாரம் அளிக்கும் தீங்கன்று என்று சென்னை ஹைக்கோர்ட்டு 1866-லேயே கருதியது. அதே குறையை 1888-ல் அலகாபாத் ஹைக்கோர்ட்டு வழக்கத்தால் ஏற்பட்ட உரிமையாக ஒப்புக்கொண்டது. அங்கும் வழக்குக்குக் காரணமாயிருந்தது, அடுத்த வீட்டின் ஸ்திரீகள் பகுதியை நோக்கியபடி எழுந்த புது வராந்தாவும் வாயில்களுமே. இருநூறு மைல் தூரத்து அந்நியரைப் பற்றிய வழக்கன்று அது. அண்டை வீட்டாரின் வழக்கு. கட்டுமுன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாயிலை மறுபக்கம் வைத்திருக்கலாம்.

முன்கூட்டிக் கேளாததன் விளைவைத் தமிழ்நாடு ஏற்கனவே அநுபவித்திருக்கிறது. விதியை மீறிய கட்டடங்கள் பெருகிவிட்டன. அவற்றை இடிப்பது இயலாதென்று கூறி, 1998-ல் சட்டத்தில் 113-ஏ பிரிவைச் சேர்த்து, கட்டணம் வாங்கிக்கொண்டு அவற்றை ஒழுங்குபடுத்த முனைந்தனர். 1999-ஆம் வருஷம் பிப்ரவரி 28 வரை என்றிருந்த தவணை மீண்டும் மீண்டும் நீட்டப்பட்டது. ஒருமுறை செய்யும் ஏற்பாடாக அதை ஒப்புக்கொண்ட ஹைக்கோர்ட்டு, நீட்டிப்புகளை 2006-ல் ரத்துச் செய்தது. பின்னர் 113-சி பிரிவு வந்து, 2007-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி வரையில் கட்டியவற்றுக்கு வழி திறந்தது. சர்க்காருக்குக் கட்டணம் கிடைத்திருக்கலாம். அடுத்த வீட்டாருக்கு இழந்த காற்று திரும்பியதா?

இது காற்று, வெளிச்சம் என்பவற்றோடு முடிகிற விஷயமுமன்று. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள வெற்றிடமே மழைநீர் மண்ணில் இறங்கும் வழி. தீப்பற்றினால் ஆள் நுழையும் வழியும் அதுவே. 2015-லும் 2023-லும் டிசம்பர் மாதத்து வெள்ளத்தைக் கண்ட வடசென்னைவாசிகளுக்கு, நீர் செல்ல இடமின்றி நின்றால் என்ன நேரும் என்பதை நாம் விவரிக்கவேண்டியதில்லை. ஒவ்வொருவரும் சுவரை இரண்டடி தள்ளினால், தெரு முழுவதும் ஒரே மதிலாகிவிடும்.

எதிர்வாதத்தையும் நேர்மையாகக் கவனிப்போம். ஆக்ஷேபணைக்கு இடம் கொடுத்தால் பொறாமைக்காரரும், பழைய எல்லைத் தகராறுள்ளவரும், பணம் பறிக்க நினைப்பவரும் அதைக் கருவியாக்கிக்கொள்வார்கள் என்பது அவ்வாதம். இதில் உண்மை உண்டு. ஆகையால் எது ஆக்ஷேபணை, எது வெறும் வயிற்றெரிச்சல் என்பதை விதியே பிரித்துக் கூறவேண்டும். இடைவெளி குறைவு, அனுமதித்த உயரத்துக்கு மேற்பட்ட கட்டுமானம், எல்லை மீறிய சன்ஷேடு, தம் மனையில் இறங்கும் மழைநீர்க் குழாய், அஸ்திவாரத்தால் தம் சுவருக்கு நேரும் அபாயம், ஜன்னலை முற்றிலும் மறைக்கும் சுவர் ஆகியவை கேட்கத்தக்கவை. அடுத்தவர் செல்வந்தராவது பிடிக்கவில்லை என்பதோ, வாடகைக்கு வருவோரின் ஜாதியோ மதமோ பிடிக்கவில்லை என்பதோ ஒரு கணமும் கேட்கத்தக்கவையல்ல. வெளிச்சம் சிறிது குறைந்ததெல்லாம் தீங்காகிவிடாது. சாதாரண மனிதர் வசதியாக வாழ முடியாதபடி குறைந்தாலே தீங்கு என்று 1904-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அளவறிந்த அக்கொள்கையை நாமும் கைக்கொள்ளலாம்.

துரிதத்தையும் நியாயத்தையும் ஒருங்கே காக்க இயலும் என்பதற்கு அந்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. வீட்டின் பின்புறத்தில் குறித்த அளவுக்குள் தரைத்தள விஸ்தரிப்புச் செய்வோருக்கென 2013-ல் அங்கே ஒரு முறையை ஏற்படுத்தி, 2019-ல் அதை நிரந்தரமாக்கினர். விண்ணப்பம் வந்ததும் ஸ்தல ஸ்தாபனம் ஒட்டியுள்ள வீட்டாருக்கு அறிவிப்பு அனுப்பி, 21 நாள் அவகாசம் தருகிறது. ஆக்ஷேபணை வராவிடில், அண்டை வீட்டாரின் வசதி பற்றிய விசாரணையே இல்லை, வேலை தொடங்கலாம். வந்தால், விஸ்தரிப்பினால் அவர்களுக்கு நேரும் பாதகத்தை ஆராய்ந்து, 42 நாளுக்குள் முடிவு கூறவேண்டும். பிறநாட்டு முறை என்பதற்காக நாம் இதைப் புகழவில்லை; இகழவும் வேண்டியதில்லை. எல்லோரும் கூடி ஊர்க்காரியங்களை நடத்திய விதத்தைக் கல்லில் பொறித்து வைத்த உத்தரமேரூர் நம் நாட்டில்தான் இருக்கிறது. பாதிக்கப்படுபவரைக் கேட்டு முடிவு செய்வது நமக்குப் புதிய பாடமன்று, மறந்துபோன பாடம்.

ஆகவே சர்க்காருக்கு நாம் கூறும் யோசனை சுருக்கமானது. கட்ட அனுமதி கோரும் ஒவ்வொருவரும், சுயசான்று முறையில் வருவோர் உட்பட, மனையின் முகப்பில் வரைபடத்தின் சுருக்கத்தைத் தமிழில் எழுதிய பலகையை வைக்கட்டும். ஒட்டியுள்ள மனைக்காரருக்கும் அங்கு குடியிருப்போருக்கும் கார்ப்பொரேஷன் அறிவிப்பு அனுப்பட்டும். 15 நாளுக்குள் ஆக்ஷேபணை வராவிடில் அனுமதி தானே உறுதியாகட்டும். வந்தால், உத்தியோகஸ்தர் நேரில் அளந்து பார்த்து, காரணம் காட்டி எழுத்தில் முடிவளிக்கட்டும். நியாயமாகக் கட்டுகிறவருக்கு இதனால் நஷ்டம் 15 நாளே. அநியாயமாகக் கட்டுகிறவருக்கே இது தடை.

சட்டம் திருந்தும்வரை நமது வாசகர்களும் தொண்டர்களும் செய்யவேண்டிய கடமை ஒன்றுண்டு. அடுத்த வீட்டில் கல் இறங்கினால், வசவுடனும் கைகலப்புடனும் தொடங்கவேண்டாம். முதலில் வாயிற்படியேறி வரைபடத்தைக் கேளுங்கள். மறுத்தால், 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அதைக் கேட்டு வாங்குங்கள். அளந்து, படம் பிடித்து, தேதியிட்டு, எழுத்தில் புகார் கொடுங்கள். கட்டுகிற கட்சியில் நீங்கள் இருந்தால், கேட்கப்படும் முன்னரே அடுத்த வீட்டாரை அழைத்து வரைபடத்தைக் காட்டுங்கள். தொழிலாளியின் கூலிக்காகவும் கடற்கரைவாசியின் நீருக்காகவும் போராடத் தெரிந்த வடசென்னைக்கு, தன் சந்திலுள்ள அயலாரின் காற்றுக்காகவும் நியாயம் பேசத் தெரியும் என்று நம்புகிறோம். சுயராஜ்யம் என்பது கோட்டையில் மட்டும் நடப்பதன்று. இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒருவருக்கொருவர் விட்டுவைக்கும் அந்த மூன்றடி நிலத்திலும் அது நடைபெறவேண்டும்.