வாடைக்காலத் தொய்வு

வாடைக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் தொய்வுக்காரர் வீடுகளில் இரவெல்லாம் விளக்கெரியும். முட்டு வந்ததும் சல்பியூற்றமோலை உறிஞ்சுகின்றனர். மூச்சுக்குழலை நெரிக்கும் தசை சில நிமிடங்களில் தளர்கிறது. நோய் விட்டதென உறங்கிவிடுகின்றனர். குழலின் உள்வீக்கமோ அப்படியே கிடக்கிறது!

அதைத் தணிப்பது ஸ்டெரோயிட் கலந்த தடுப்பு மருந்தே. அது முழுப் பயன் தரச் சில வாரங்கள் செல்லும். ஆதலின் வாடைக்கு முன்னரே வைத்தியரைக் கண்டு, சுகமாயிருக்கும் நாளிலும் தவறாது உறிஞ்சுதல் வேண்டும். "பழகிவிடும்" என்றஞ்சி இடையில் நிறுத்துவோர் பலரை நாம் கண்டிருக்கிறோம். படித்தவர்களே அவருள் அதிகம். அவ்வச்சத்துக்கு ஆதாரமில்லை. உறிஞ்சியபின் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுக. படுக்கையறையில் நுளம்புச் சுருள் கொளுத்துவதையும் விடலாம்.

சல்பியூற்றமோல் எடுத்தும் ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல மூச்சுப் போதாவிடின், விடியட்டும் என்று காத்திராது அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க.