நீலத்தாமரையின் வேர்

படக்கதை என்ற சொல்லைக் கேட்டதும் புருவத்தை நெரிக்கும் ஆசிரியப் பெருமக்கள் நம்மிடையே இன்றும் உளர். பாடநூலுக்குள் ஒளித்து வைத்துப் படிக்கப்படுவது, படிப்பைக் கெடுப்பது, இலக்கியப் பந்தியில் இலை போடத் தகாதது என்று அதன்மேற் சாற்றப்படும் குற்றங்கள் பல. நானும் நெடுங்காலம் அக்கட்சியைச் சேர்ந்தவனாகவே இருந்தேன். என்னை மாற்றியவன் ஒரு சிறுவன்.

புத்தளக் களப்பின் ஓரத்தில் உள்ள தில்லையடியில், நண்பர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் ஆங்கிலப் படக்கதை நூலொன்றைக் கொண்டுவந்து நீட்டினான். பெரிய பீங்கான் சாடியொன்றிலிருந்து ஓர் இளைஞனும் அவனது வெள்ளை நாயும் எட்டிப் பார்க்கும் அட்டை அது. நூலின் பெயர் ‘நீலத்தாமரை’. நடுப்பக்கம் ஒன்றை விரித்து அவன் கேட்டான்: “சேர், இந்தத் தண்டவாளத்துக்குக் குண்டு வைச்சது உண்மையா நடந்ததா? இல்லாட்டி வெறும் கதையா?”

நான் விடை கூறவில்லை. கூறத் தெரியவில்லை என்பதே உண்மை. வீடு திரும்பிய பின்னர் அந்நூலையும் அதன் பின்னணியையும் தேடிப் படித்தேன். படித்தவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வது கடமை என்று எண்ணுகிறேன். ஏனெனில், அச்சிறுவனின் கேள்வி சீனாவோடு நிற்கவில்லை.

டின்டின் என்னும் இளம் நிருபனைப் படைத்தவர் பெல்ஜிய நாட்டு ஓவியர் ஜோர்ஜ் ரெமி. 1907 இல் பிறந்த இவர், தம் பெயரின் முதலெழுத்துகளை முன்பின்னாக மாற்றி ‘எர்ஷே’ என்ற புனைபெயரைச் சூடிக்கொண்டார். பிரசல்ஸ் நகரத்துக் கத்தோலிக்க நாளிதழொன்றின் சிறுவர் வாரமலரில், 1929 ஜனவரி 10 ஆம் நாள் டின்டினின் முதற்கதை தொடங்கிற்று. உலகெங்கும் பரவிய இக்கதை ஒரு நாளிதழின் வாரமலரிலே பிறந்தது என்பதை இம்மலரின் வாசகர் நினைவிற் கொள்வாராக.

தொடக்கக் கதைகளைப் பற்றிப் பெருமையாகக் கூற அதிகமில்லை. முதற்கதை ருஷ்யாவிலும் இரண்டாவது கொங்கோவிலும் நிகழ்கின்றன. இரண்டு நாடுகளையும் ஆசிரியர் கண்டவரல்லர். கண்டவர் சிலர் எழுதிய ஒருபக்க நூல்களையும், பத்திரிகை நிர்வாகத்தின் விருப்பத்தையும் நம்பியே வரைந்தார். கொங்கோவை இரண்டாம் லியோபோல்ட் மன்னன் 1885 முதல் 1908 வரை தன் சொந்தச் சொத்தாகவே ஆண்டு, இறப்பருக்காக அந்நாட்டு மக்களை வதைத்தமை உலகறிந்த செய்தி. அக்கொடுமையின் நிழல்தானும் கதையில் விழவில்லை. மாறாக, ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்குப் பெல்ஜியமே அவர்களது நாடு என்று டின்டின் பாடம் நடத்துகிறான். 1946 இல் புதிய பதிப்பு வெளிவந்தபோது அப்பாடம் கணக்குப் பாடமாக மாற்றப்பட்டது. வரலாறு சுட்டபோது ஓவியர் கூட்டற் கணக்கின் பின்னே ஒதுங்கிக்கொண்டார் எனலாம்.

1932 இன் இறுதியில் தொடங்கிய கதையில் டின்டின் கீழ்த்திசைக்குக் கப்பலேறுகிறான். ஏடன், பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர், ஹொங்கொங், ஷாங்காய் என்று பயணத்துறைகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. கொழும்பின் பெயரைக் கண்டு நம் பிள்ளைகள் மகிழலாம்; ஆனால், கப்பல் இங்கு வருமுன்னரே அவன் அதனை விட்டு நீங்கிவிடுகிறான். கதை எகிப்து, அரபுநாடு, கற்பனையான ஓர் இந்தியச் சமஸ்தானம் என்று சுற்றுகிறது. பக்கிரியும் யானையும் மகாராசாவும் நிறைந்த அந்த இந்தியாவை இந்தியர் எவரும் கண்டதில்லை.

அடுத்த கதை சீனாவில் நிகழும் என்ற அறிவித்தல் வெளிவந்தபோதுதான் திருப்பம் நேர்ந்தது. லூவன் பல்கலைக்கழகத்தில் பயின்ற சீன மாணவர்களுக்கு ஆன்மீக வழிகாட்டியாக இருந்த கொசே பாதிரியார், ஓவியருக்கு ஒரு கடிதம் எழுதினார். வழக்கமான கேலிச் சீனர்களையே வரைந்தால் தம் மாணவர்கள் மனம் புண்படுவர் என்றும், எழுதுமுன் சீனாவைப் பற்றி அறிந்துகொள்ளுமாறும் அவர் வேண்டினார். சினம் கொள்ளாமல் ஓவியர் அதற்குச் செவிசாய்த்தார். அதுவே அவருடைய பெருமை.

பிரசல்ஸ் ஓவியக் கல்லூரியில் சிற்பம் பயின்றுகொண்டிருந்த சாங் சோங்ரென் என்னும் ஷாங்காய் இளைஞர் அவருக்கு அறிமுகமானார். இருவரும் ஒரே ஆண்டிற் பிறந்தவர்கள். 1934 மே முதலாம் நாள் தொடங்கிய அச்சந்திப்பு வாரந்தோறும் தொடர்ந்தது. சாங் தூரிகை பிடிக்கும் முறையைக் கற்பித்தார். தம் நாட்டு வரலாற்றையும் கவிதையையும் எடுத்துரைத்தார். அந்நாட்களில் அங்கு நடந்துகொண்டிருந்த அநியாயத்தையும் சொன்னார். நூலின் தெருக்காட்சிகளில் சுவர்களில் எழுதப்பட்டுள்ள சீன வாசகங்கள் அவரெழுதியவை. சீனமொழி அறியாத ஐரோப்பியச் சிறுவர் அவற்றை அலங்காரக் கோலங்கள் என்றே எண்ணியிருப்பர். அறிந்தவர் கண்ணுக்கோ அவை ஏகாதிபத்தியத்தை எதிர்த்தும் யப்பானியப் பொருள்களைப் புறக்கணிக்கக் கோரியும் எழுந்த குரல்கள்.

இனிச் சிறுவன் கேட்ட தண்டவாளத்துக்கு வருவோம். 1931 செப்டெம்பர் 18 ஆம் நாள் இரவு, மஞ்சூரியாவில் முக்டன் நகரத்துக்கருகே யப்பானியருக்குச் சொந்தமான இருப்புப்பாதையில் ஒரு குண்டு வெடித்தது. வைத்தவர்கள் யப்பானியப் படையதிகாரிகளே. சேதம் மிகச் சிறிது. சற்று நேரத்தில் அதே பாதையில் ஒரு புகைவண்டி இடையூறின்றிக் கடந்து சென்றது. ஆயினும் பழி சீனர்மேற் போடப்பட்டது. அதனையே காரணங் காட்டி யப்பானியப் படை மஞ்சூரியா முழுவதையும் கைப்பற்றி, 1932 மார்ச்சில் ‘மஞ்சுகோ’ என்ற பொம்மை அரசையும் நிறுவிற்று.

ஜெனீவாவில் இருந்த சர்வதேச சங்கம் ஒரு விசாரணைக் குழுவை அனுப்பியது. முன்னர் வங்காள ஆளுநராக இருந்த லிற்றன் பிரபு அதன் தலைவர். அன்றிரவு யப்பானியப் படை செய்தது நியாயமான தற்காப்பு ஆகாது என்று குழு கூறிற்று. 1933 பெப்ரவரி 24 அன்று அறிக்கை 42 வாக்குகளால் ஏற்கப்பட்டது. எதிர்த்தது யப்பான் ஒன்றே. யப்பானியத் தூதுக்குழு அவையை விட்டு வெளியேறியது. மஞ்சூரியாவோ மீளவில்லை.

இவை யாவும் அப்படக்கதையில் உள்ளன. இடம் ஷாங்காய்–நாங்கிங் பாதைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. மற்றவை ஏறக்குறைய அப்படியே. ஒருவருக்கும் ஊறு நேராத வெடிப்பு, செய்தியாகப் பரவப் பரவப் பெருகி உயிர்ச்சேதமாக வளர்வதையும், அதன் முடிவில் படைகள் நடப்பதையும், அவையை விட்டு யப்பானியப் பிரதிநிதி எழுந்து செல்வதையும் எர்ஷே வரைந்தார். இக்கதை வாரமலரில் வெளிவந்த காலம் 1934 ஆகஸ்ட் முதல் 1935 ஒக்ரோபர் வரை. அஃதாவது, நடந்து நான்காண்டுகூட முற்றுப்பெறாத அரசியலைப் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு, அவர்களுடைய அறிவை மதித்து, ஓர் ஓவியர் எடுத்துரைத்திருக்கிறார். நம்முடைய பாடநூல்களில் எத்தனை இத்துணிவைப் பெற்றுள்ளன?

இவ்வரலாற்றில் நமக்குப் பங்கில்லை என்று கைகழுவவும் இயலாது. நீலத்தாமரை என்பது ஷாங்காயில் உள்ள ஓர் அபின் கூடத்தின் பெயர். ஆங்கிலக் கும்பினி சீனாவுக்கு ஏற்றிய அபின் கங்கைச் சமவெளியில் விளைந்து, கல்கத்தாவில் ஏலம் போனது. சீன அரசு அதனைத் தடுக்க முயன்றதாலேயே 1839 இல் போர் மூண்டது. 1842 இன் நாங்கிங் உடன்படிக்கையால் ஹொங்கொங் பறிபோயிற்று. ஷாங்காய் அந்நிய வணிகருக்குத் திறந்துவிடப்பட்டது. அந்நகரத்து அந்நியர் குடியிருப்பில் காவல் புரிந்தோருட் பலர் சீக்கியர். நூலில் ஆங்கில அதிகாரியின் ஏவலால் டின்டினை அடிக்க வருவோரும் அவர்களே. ஆளப்பட்டவனின் கையைக் கொண்டே இன்னோர் ஆளப்பட்டவனை அடித்த காலம் அது. தலைப்பாகை அணிந்த அவ்வுருவங்களைக் கண்டு சிரிக்கும் நம் பிள்ளைக்கு இதனை யாரேனும் சொல்லவேண்டும் அன்றோ?

நூலின் இதயம் வேறோர் இடத்தில் இருக்கிறது. வெள்ளம் பெருகிய யாங்சி ஆற்றில் மூழ்கும் சீனச் சிறுவன் ஒருவனை டின்டின் காப்பாற்றுகிறான். அச்சிறுவனின் பெயரும் சாங். தன் பாட்டனும் பாட்டியும் வெள்ளையராற் கொல்லப்பட்டவர்கள் என்றும், வெள்ளையர் எல்லாரும் பொல்லாதவர் என்றே தான் எண்ணியிருந்ததாகவும் அவன் சொல்கிறான். சீனரைப் பற்றித் தன் நாட்டார் கொண்டிருக்கும் மூடக் கருத்துகளை டின்டின் எடுத்துக் கூறுகிறான். பின்னர் இருவரும் வாய்விட்டுச் சிரிக்கின்றனர். கொங்கோவில் பாடம் நடத்தியவன் இங்கே பாடம் கேட்கிறான். அச்சிரிப்பில் ஓவியர் தம் பழைய நூல்களையும் சேர்த்தே நகைத்தார் என்பது என் துணிபு.

ஆயினும், குறையை மறைத்தல் அறமன்று. சீனரை மனிதராக வரையக் கற்ற அதே கை, யப்பானியரைப் பல் துருத்திய கோர முகங்களாகவே வரைந்தது. யப்பானிய நண்பர் எவரும் அவருக்கு வாய்க்கவில்லை போலும். பின்னர், ஜேர்மானியர் பெல்ஜியத்தை ஆக்கிரமித்திருந்த 1941 இல், அவர்களது கட்டுப்பாட்டில் வெளிவந்த நாளிதழொன்றில் தொடர்ந்த கதையில் யூதரையும் இழிவாகத் தீட்டினார். ஒருமுறை கண்திறந்தவன் என்றென்றும் கண்திறந்தே இருப்பான் என்பதற்கு உறுதியில்லை. உண்மையை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடவேண்டியிருக்கிறது.

சாங் 1935 இல் தாயகம் திரும்பினார். போரும் புரட்சியும் நண்பர்களைப் பிரித்தன. 1960 இல் நூலாக வெளிவந்த ‘திபெத்தில் டின்டின்’, காணாமற்போன சாங்கை இமயப் பனியில் தேடி அலையும் கதை. இருபதாண்டு கழித்து, 1981 மார்ச்சில், இருவரும் பிரசல்ஸில் மீண்டும் சந்தித்தனர். ஈராண்டுகளில் ஓவியர் மறைந்தார். சாங் 1998 வரை வாழ்ந்தார்.

இவ்வளவையும் அறிந்துகொண்டு நான் மீண்டும் தில்லையடிக்குச் சென்றேன். குண்டு வைத்தது உண்மை என்று சிறுவனிடம் கூறினேன். அவன் முகம் மலர்ந்தது. சற்று நேரம் ஏதோ யோசித்தவன், இரண்டாவது கேள்வியைக் கேட்டான்: “அப்ப, எங்கட உம்மம்மா மன்னாரிலயிருந்து வள்ளத்தில வந்த கதை எந்தப் புத்தகத்தில இருக்கு, சேர்?”

இதற்கு விடை தேட நூலகம் செல்லவேண்டியதில்லை. 1990 ஒக்ரோபர் மாதத்தின் இறுதியில், தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை அவர்கள் பிறந்த மண்ணிலிருந்து வெளியேற்றினர். ஐந்து மாவட்டங்களிலிருந்து ஏறத்தாழ 75,000 பேர் இடம்பெயர்ந்தனர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஒக்ரோபர் 30 அன்று கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணிநேரம். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அவர்களுட் பலர் தங்கி வேரூன்றிய ஊர்களுள் தில்லையடியும் ஒன்று. 2011 இல் பிரசைகள் ஆணைக்குழுவொன்று இவ்வெளியேற்றத்தைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. ஆய்வாளருக்கு அது போதும். பத்து வயதுச் சிறுவனுக்குப் போதுமா?

இக்கரை நூலேறாத கரையன்று. 1344 இல் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா இறங்கிய ‘பத்தாலா’ புத்தளமே என்பர் அறிஞர். ஆரியச் சக்கரவர்த்தி மன்னன் அவரை வரவேற்றதும், கரையெங்கும் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததும் அவருடைய பயண நூலில் உள்ளன. ஒரு யாத்திரிகர் வந்திறங்கியதை உலகம் படிக்கிறது. ஆயிரக்கணக்கானோர் வந்திறங்கியதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்க ஒரு சிறு நூல் இல்லையென்றால், குறை வரலாற்றினுடையதன்று, நம்முடையது.

தமிழில் படக்கதைகளுக்குப் பஞ்சமில்லை. 1972 இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கிய நாள் முதல் மேலைநாட்டு வீரர்கள் நம் மொழியில் உலாவுகின்றனர். அவர்களை வரவேற்போம். ஆனால், நம் ஓவியருக்கும் எழுத்தாளருக்கும் ஒரு விண்ணப்பம். கதை தேடி வெகுதூரம் செல்லவேண்டாம். வள்ளத்தில் வந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர், அவர்கள் முதுமையடைந்துவிட்டனர். பிரசல்ஸ் ஓவியர் சாங்கின் எதிரே அமர்ந்தது போல அவர்கள் எதிரே அமர்ந்து கேளுங்கள். ஆசிரியர்களும் மாணவர்களை அனுப்பிக் கேட்கச் செய்யலாம். ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.

கேட்கும்போது எர்ஷேயின் குறையையும் மறவாதிருப்போம். நம் துயரத்தை வரையும் தூரிகை அயலானின் முகத்தைக் கோரமாக்கிவிடலாகாது. கண்ணீரோடு வழியனுப்பிய தமிழ் அயலவரும் இருந்தனர். வந்தவர்களுக்குச் சோறிட்டு இடங்கொடுத்த புத்தளத்து மக்களும் இருந்தனர். பின்னர் நிலம், நீர், தொழில் என்று இருசாராரிடையே மூண்ட மனக்கசப்பும் இருந்தது. எல்லாம் எழுதப்படல் வேண்டும். ஒன்றை விட்டால் மற்றவையும் பொய்யாகிவிடும்.

சிறுவனின் இரண்டாவது கேள்விக்கு நான் அன்று விடை கூறவில்லை. உள்ளே பாய் பின்னிக்கொண்டிருந்த அவனது உம்மம்மாவைச் சுட்டிக்காட்டி, “அவவிட்டயே கேள், தம்பி, கேட்டதை எழுதி வை” என்று மட்டும் சொன்னேன். அவன் எழுந்து உள்ளே போனான்.