75 சென்ட் இடிக்கிறது

போன ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் பக்கம் ஒரு காதுகுத்து. பந்தியில் எனக்குப் பக்கத்து இலை மச்சினனுடையது. ரசம் வருவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டான்.

“அத்தான், சின்னவனையும் சைபர் செக்யூரிட்டிலயே போட்டாச்சு. பெரியவன் மூணாவது வருஷம். இனிமே எனக்குக் கவலையே இல்ல. உலகம் பூராம் லட்சக்கணக்குல வேலை காலியா கெடக்காம்ல?”

எதிர் வரிசையில் நாலு தலைகள் ஆடின. அதில் ஒன்று உரக்கடைக்காரருடையது. “கம்ப்யூட்டர் சயின்ஸ்லாம் பழசாயிருச்சு. இப்ப இதுதான் ஓட்டம்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார்.

எனக்குப் பாயசம் இறங்கவில்லை. இருபத்தைந்து வருஷமாக சர்வர் அறைக் குளிரில் காது மரத்துப்போனவன் நான். நடுராத்திரி போன் அடித்தால் மற்றவர்கள் ஊரில் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறுவார்கள். நான் எந்த டிஸ்க் போச்சோ என்று பதறுவேன். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உரக்கடைக்காரர் பேச்சுதான் எடுபட்டிருக்கும்.

தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு வந்த பெரியவனைப் பிடித்து உட்காரவைத்தேன். “ரயில் டிக்கெட் எடுக்க ஐஆர்சிடிசி பேரை பிரவுசர்ல அடிச்சு என்டர் தட்டுறே. பக்கம் வந்து நிக்கிறதுக்குள்ள உள்ளுக்குள்ள என்னடா நடக்குது?”

யோசித்தான். “அது நெட்வொர்க்ஸ் பேப்பர் மாமா. அடுத்த செம்லதான் வருது.”

“இந்த செம்ல என்ன படிச்சே?”

“எத்திக்கல் ஹேக்கிங்.”

வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் என்பது அடுத்த செமஸ்டரில் வருமாம். திருடன் எப்படி நுழைவான் என்பதை இந்த செமஸ்டரிலேயே முடித்துவிட்டார்களாம். பையனைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொன்னான். அந்தப் பாடத்திட்டத்தைப் போட்டவர் கையில் கிடைத்தால் அவருக்குத் தனியாகப் பந்தி வைப்பேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ‘செக்யூரிட்டி’ என்று பெயர் போட்ட பட்டத்தில் சேர்ந்துவிட்டால் நாலு வருஷத்தில் நிபுணன் ஆகிவிடலாம் என்று ஊரே நம்புகிறது. இந்த நம்பிக்கையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆள் ஞாபகம் வருவார். பெயர் கிளிஃபோர்ட் ஸ்டோல். வானியல்காரர்.

1986-ஆம் வருஷம். கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம். தொலைநோக்கி வேலைக்கான நிதி தீர்ந்துபோகவே, ஸ்டோலை வீட்டுக்கு அனுப்ப மனமில்லாமல் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். போன சூட்டோடு ஒரு சில்லறை வேலை வந்தது. கணினி நேரத்தைப் பயன்படுத்தியவர்களுக்குப் போடும் மாதக் கணக்கில் 75 சென்ட் இடிக்கிறது, என்னவென்று பார்.

நம்மூரில் 75 சென்ட் என்றால் முக்கால் ஏக்கர். வீடு கட்டி, சுற்றித் தென்னை வைத்து, மிச்சத்தில் வேலி போடாமல் பங்காளியோடு கேஸும் நடத்தலாம். அங்கே அது முக்கால் டாலர். நம் அலுவலகங்களில் அதை ‘ரவுண்ட் ஆஃப்’ என்று எழுதிவிட்டு டீக்குப் போய்விடுவார்கள். ஸ்டோல் போகவில்லை. கணக்குப் போடும் புரோகிராமை வரி வரியாகக் கிண்டினார். முகவரியே இல்லாத ஒரு பயனர் பெயர் சில நொடி ஓடியிருந்தது. அதற்குப் பணம் கட்ட ஆளில்லை. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் போனார். ஒரு வார இறுதியில் ஆய்வுக்கூடத்திலிருந்த பிரிண்டர்களையெல்லாம் யாரையும் கேட்காமல் உருட்டிக்கொண்டு வந்து, வெளியிலிருந்து வரும் லைன்களில் மாட்டினார். மேசைக்கடியில் படுத்துத் தூங்கினார். நூலின் மறுமுனை மேற்கு ஜெர்மனியின் ஹனோவரில் இருந்தது. அங்கே உட்கார்ந்துகொண்டு ஒருவன் அமெரிக்க ராணுவக் கணினிகளுக்குள் நுழைந்து, கிடைத்ததை சோவியத் உளவுத்துறையான கேஜிபிக்கு விற்றுக்கொண்டிருந்தான்.

இந்தக் கதையை ஸ்டோல் 1989-இல் ‘தி குக்கூஸ் எக்’ என்று புத்தகமாகவே எழுதினார். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும் கதைதான். காக்கை ஏமாறும். முட்டைகளை எண்ணிப் பார்க்கிற காக்கை ஏமாறாது.

எண்ணிப் பார்க்க அந்த மனிதருக்கு எந்த சைபர் செக்யூரிட்டித் துறை சொல்லிக்கொடுத்தது? அப்படி ஒரு துறை அப்போது இருந்தால்தானே! ஆயிரம் நட்சத்திரங்களில் ஒன்று இம்மி நகர்ந்தாலும் கண்ணில் உறுத்துகிற பழக்கம் அவருடையது. அந்தப் பழக்கத்துக்கு எத்தனை கிரெடிட் போடுவீர்கள்?

“அது அந்தக் காலம்” என்பார்கள். சரி, 2024 மார்ச்சுக்கு வருவோம். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்கிற டேட்டாபேஸ் பொறியாளர் தன் சோதனைக் கணினியில் எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். அரை நொடி! நமக்கு வங்கிச் செயலி திறப்பதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். அவர் விடாமல் தோண்டினார். ‘எக்ஸ்இசட்’ என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளுக்குள், இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லபிள்ளையாக உழைத்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் வைத்த பின்வாசல் வெளியே வந்தது. உலகின் லினக்ஸ் சர்வர்களில் பரவும் முன்பே பிடிபட்டது. கண்டுபிடித்ததை அறிவித்த மடலிலேயே ஃப்ராய்ண்ட், தான் பாதுகாப்பு ஆய்வாளர் இல்லை என்று எழுதியிருந்தார். அவருடைய அரை நொடியும் ஸ்டோலின் 75 சென்ட்டும் ஒரே ரகம்.

இனி அந்த ‘லட்சக்கணக்கான காலியிடம்’. உலகத்தில் 47 லட்சத்துக்கு மேல் பாதுகாப்பு ஆட்கள் பற்றாக்குறை என்று 2024-இல் மதிப்பிட்டது ஐஎஸ்சி2 என்ற அமைப்பு. அது நிறுவனங்கள் தங்களைச் சரியாகக் காத்துக்கொள்ள இன்னும் எத்தனை பேர் தேவை என்கிற மதிப்பீடு. அத்தனை நாற்காலி துடைத்துப் போட்டு, ஃபேன் ஓடவிட்டுக் காத்திருப்பதாக அதற்கு அர்த்தம் கிடையாது. ஊருக்கு எத்தனை கிணறு வேண்டும் என்பது ஒரு கணக்கு. எத்தனை கிணறு வெட்டக் காசு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது வேறு கணக்கு.

அதே அமைப்புதான் இந்தத் துறையில் பெரிதாக மதிக்கப்படும் சிஐஎஸ்எஸ்பி சான்றிதழையும் தருகிறது. அதை முழுதாக வாங்க ஐந்து வருஷ வேலை அனுபவம் வேண்டும். பட்டம் இருந்தால் தள்ளுபடி உண்டு. எவ்வளவு? ஒரு வருஷம். நாலு வருஷம் படித்த படிப்புக்கு ஒரு வருஷக் கழிவு! ஆடித் தள்ளுபடிகூட இதைவிடக் கௌரவமாக இருக்கும். இந்தச் சங்கதி எந்தக் கல்லூரி ஃப்ளெக்ஸிலும் ஏறாது. ஃப்ளெக்ஸில் ஏறுவது முக்காடு போட்ட ஒரு உருவம், பின்னால் பச்சை எழுத்து மழை, கீழே ‘100 சதவீத வேலைவாய்ப்பு’. முக்காடு போட்டவன்தான் குற்றவாளி என்பதுகூடத் தெரியாமல் அவனை வைத்தே அட்மிஷன் நடத்துகிறார்கள்.

அப்படியே வேலை கிடைத்தாலும் முதல் நாற்காலி எது தெரியுமா? ‘சாக்’ என்று செல்லமாக அழைக்கப்படும் கண்காணிப்பு அறை. அங்கே ‘எல் 1’. ராத்திரி ஷிப்டில் திரையில் வரும் எச்சரிக்கைகளைப் பார்த்து, பெரும்பாலும் ஒன்றுமில்லை என்று டிக்கெட்டை மூடிக்கொண்டே இருக்கவேண்டும். யாரோ பாஸ்வேர்டை மூன்று முறை தப்பாக அடித்திருப்பார். யாரோ கோயம்புத்தூர் போய் லாகின் செய்திருப்பார். ஆயிரம் பொய் மணிக்கு நடுவே அடிக்கும் ஒரு நிஜ மணியை இனம்காண, அந்த சர்வர் நல்ல நாளில் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்திருக்கவேண்டும். அதாவது, அடுத்த செமஸ்டரில் வரப்போகிற பாடம். 75 சென்ட் இடிக்கிறது என்று தெரியவேண்டுமானால், இடிக்காத கணக்கு எப்படி இருக்கும் என்று முதலில் தெரியவேண்டுமே!

சினிமாவுக்கும் இதில் பங்கு உண்டு. 2018-இல் வந்த ‘இரும்புத்திரை’யில் அர்ஜுன் கோட்டு மாட்டிக்கொண்டு விரலசைவில் ஊரார் பணத்தை உறிஞ்சினாலும் உறிஞ்சினார், அதற்கப்புறம் என் வீட்டு விசேஷங்களில் நிம்மதி போயிற்று. “மாப்ள, பொண்ணு பேசி வச்சிருக்கோம், அவ பேஸ்புக்குக்குள்ள கொஞ்சம் போய்ப் பாக்க முடியுமா?” என்று என்னிடம் கேட்டவர் ஓய்வுபெற்ற தாசில்தார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் அதற்கு மூன்று வருஷம் வரை உள்ளே போகலாம் என்றேன். “உனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

பெயர்ப்பலகைப் பைத்தியம் இதோடு நிற்கவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பக்கத்தில் ஒரு அடைப்புக்குறி போட்டு, உள்ளே எதை எழுதினாலும் கூட்டம் வருகிறது. நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு இருந்த இட உச்சவரம்பை 2024-இல் தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏஐசிடிஇ எடுத்துவிட்டது, அடைப்புக்குறிகள் பெருத்தன. சிவில் வகுப்பறையில் ஈ ஓடுகிறது. நாளைக்குப் பாலம் கட்ட யார் இருப்பார்கள்? பாலத்துக்கு ஃபயர்வால் போட ஆள் இருக்கும்.

அலுவலகங்கள் மட்டும் யோக்கியமா? தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்று என்று இன்னமும் கழுத்தில் கத்தி வைக்கிறார்கள். அந்த வழக்கத்துக்கு வித்திட்ட அமெரிக்கத் தர அமைப்பான நிஸ்ட், காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள் என்று 2017-லேயே தன் வழிகாட்டுதலைத் திருத்திக்கொண்டது. எழுதியவர்களே அழித்துவிட்டார்கள், நாம் இன்னும் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஜனங்கள் என்ன செய்வார்கள்? ‘முருகன்1’ போய் ‘முருகன்2’ வரும். இதுவரை ‘முருகன்17’ வரை நானே பார்த்திருக்கிறேன்.

மச்சினன் கதைக்கு வருகிறேன். அவனுடைய ஏடிஎம் கார்டு ஒரு பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. உறைக்கு மேல் நீல பால்பாயின்ட்டில் பின் நம்பர். பெரியவன் மூன்று வருஷமாக சைபர் செக்யூரிட்டி படிக்கிறான். அதே கார்டில்தான் அவனுக்கு ஃபீஸ் கட்டுகிறார்கள். அந்த உறையைக் கிழித்துப் போட ஒரு செமஸ்டரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று சட்டத்திலேயே இல்லாத ஒன்றைச் சொல்லி, போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து, ஆயுள் சேமிப்பை வழித்துக்கொண்டு போகிறார்களே, அவர்கள் எந்த ஃபயர்வாலை உடைத்தார்கள்? பயத்தை உடைத்தார்கள். போனை வைத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடு என்று சொல்ல வீட்டில் ஒரு ஆள் போதும்.

என்ன படிக்கலாம் என்று கேட்பீர்கள். கணினி எப்படி ஓடுகிறது என்று படியுங்கள். ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், நாலு புரோகிராம் எழுதி நாப்பது முறை உடைவது. வானியல் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. பாதுகாப்பு அதற்கு அப்புறம் வரட்டும். சமைக்கத் தெரியாதவனை உப்புப் பார்க்க உட்காரவைத்தால், அவன் எல்லாக் கரண்டியையும் நக்கி வைப்பான்.

பந்தி முடிந்து வெளியே வந்தால், மொய் எழுதும் இடத்தில் ஒரே பேச்சு. எழுதியவர் கமிஷன் மண்டியில் கணக்குப் பார்த்து ஓய்ந்த பெரியவர். கூட்டிப் பார்த்ததில் நோட்டைவிடப் பெட்டியில் 101 ரூபாய் அதிகம்.

“கூடத்தானய்யா இருக்கு, விடுங்க. சாப்பிட வாங்க” என்று மச்சினன் அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

“கூட இருந்தாலும் தப்புத்தான். யாரோ ஒருத்தர் மொய் வச்சு, பேரு விட்டுப்போயிருக்கு. நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்துல பதில் மொய் யாரு செய்வா?”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்து இறங்கினார். இருபது நிமிஷம். மூன்றாம் பக்கத்தில் நின்றது விரல். அண்ணன் தம்பி இருவர் பெயரில் மொய். இனிஷியலும் ஒன்று, ஊரும் ஒன்று, தொகையும் ஒன்று. உதவிக்கு உட்கார்ந்த பையன் ஒரே ஆள் என்று நினைத்து ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறான். தம்பி பெயரை எழுதி, மறுபடி கூட்டி, சரியாக வந்த பிறகுதான் கை கழுவ எழுந்தார்.

“பாத்தியாடா?” என்றேன் பெரியவனிடம்.

“என்ன மாமா?” என்று போனிலிருந்து நிமிர்ந்தான்.