நல்ல கண்ணைக் குப்பையில் போடலாமா?

பல வீடுகளில் பழைய வெப் காமிரா ஒன்று அலமாரி மூலையில் கிடக்கிறது. கண்ணாடி உடையவில்லை. கம்பி அறவில்லை. ஆனால் புதிய கம்ப்யூட்டரில் செருகினால் படம் வருவதில்லை. "இது எனக்குத் தெரியாத சாதனம்" என்று கம்ப்யூட்டர் கையை விரித்து விடுகிறது.

கடைக்காரரைக் கேட்டால், "பழசு ஐயா, தூக்கிப் போடுங்கள், புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார். அது சரியான யோசனைதானா? இல்லை என்பதே நம் கட்சி.

துபாஷி இறந்தான்!

கோளாறு காமிராவில் இல்லை. காமிரா காண்பதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி சொல்ல ஒரு துபாஷி வேண்டும். அந்தத் துபாஷிக்குத்தான் டிரைவர் என்று பெயர். அது ஒரு சிறு மென்பொருள்.

வெப் காமிராவின் கதை 1991-ல் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் ஆரம்பமாயிற்று. காப்பிப் பானையில் காப்பி இருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்க ஆராய்ச்சியாளர்கள் செய்த ஏற்பாடு அது! 1994-ல் கனெக்டிக்ஸ் கம்பெனியின் குவிக்காம் கடைக்கு வந்தது. பிறகு எத்தனையோ கம்பெனிகள் காமிரா செய்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாஷை பேசியது. காமிராவோடு ஒரு சி.டி. கொடுப்பார்கள். அதில்தான் துபாஷி இருப்பான்.

அந்தத் துபாஷிகளில் பெரும்பாலோர் 32-பிட் விண்டோசுக்காகப் பிறந்தவர்கள். 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கோ 32-பிட் வடிவமே கிடையாது. 64-பிட் மட்டுமே உண்டு. பழைய துபாஷி அதற்குள் நுழைய முடியாது. புதிய துபாஷியை எழுதித் தரக் கம்பெனிக்கு மனமில்லை. புதுக் காமிரா விற்றால் லாபம். பழையதைப் பிழைக்க வைத்தால் என்ன லாபம்?

டாக்டர் செய்த வைத்தியம்

2003-ல் யு.வி.சி. என்ற பொது பாஷை வகுக்கப்பட்டது. அந்தப் பாஷை பேசும் காமிராவுக்குத் தனித் துபாஷி தேவையில்லை. செருகினால் போதும், படம் வரும். அதற்கு முந்திய காமிராக்கள்தாம் அனாதையாயின.

அவற்றுக்கும் ஒருவர் கை கொடுத்தார். பிரான்சு நாட்டு வைத்தியர் மிஷேல் க்ஸார், ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து, 200-க்கு மேற்பட்ட காமிராக்களுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதினார். அந்த வேலையை ஜான் பிரான்சுவா முவான் திருத்தி அமைக்க, 2008-ல் அது லினக்சின் உள்ளேயே சேர்ந்து விட்டது. விண்டோஸ் கைவிட்ட பல காமிராக்கள் லினக்சில் கண் திறப்பது இதனால்தான்.

ஒரு வைத்தியர் ஓய்வு நேரத்தில் செய்ததை, பணமும் ஆளும் படைத்த கம்பெனிகள் ஏன் செய்யக்கூடாது?

கம்பெனிகளின் வாதம்

"பழைய சாமான்களை எத்தனை காலம் கட்டி அழுவது?" என்று கம்பெனிகள் கேட்கும். நியாயமான கேள்விதான். காலமெல்லாம் டிரைவர் எழுதுங்கள் என்று நாம் சொல்லவில்லை. கைவிடும் நாளில், காமிரா பேசும் பாஷையின் இலக்கணத்தை ஊரறிய வெளியிடுங்கள் என்றுதான் கேட்கிறோம். முடிந்தவர்கள் எழுதிக்கொள்வார்கள். இதைச் சட்டமாகவே ஆக்கலாம்.

இது சில்லறை விஷயமல்ல. 2022-ல் உலகம் முழுவதும் குவிந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐ.நா. அறிக்கை கூறுகிறது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவிகிதமே! கொரோனாக் காலமான 2020-ல் வெப் காமிராவுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு வந்ததே, மறந்து விட்டதா? பிள்ளைகள் பாடம் படிக்கக் காமிரா தேடி அலைந்த அந்த நாளில், அலமாரிக் காமிராக்கள் சும்மாதான் கிடந்தன.

நீங்கள் செய்ய வேண்டியது

காமிராவைச் செருகி, விண்டோசின் டிவைஸ் மானேஜரில் அதன் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். கம்பெனிக்கு ஓர் எண், மாடலுக்கு ஓர் எண் இருக்கும். அந்த எண்களை வைத்துத் தேடினால் காமிராவின் ஜாதகமே கிடைத்து விடும். விண்டோஸ் மறுத்தால், பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்சைப் போட்டுப் பாருங்கள். ஆனால், "இலவச டிரைவர்" என்று ஆசை காட்டும் ஊர் பேர் தெரியாத தளங்களிலிருந்து எதையும் இறக்காதீர்கள். காமிராவைப் பிழைக்க வைக்கப் போய்க் கம்ப்யூட்டரைப் பறிகொடுக்க நேரும்!

பழைய காமிராவில் படம் சற்று மங்கலாகத்தான் தெரியும். இருக்கட்டுமே! வெளியூரில் இருக்கும் பேரன் முகத்தைப் பார்க்க ஏங்கும் பாட்டிக்கு அந்த மங்கலே போதும். பார்வை உள்ள கண்ணைக் குப்பையில் எறியச் சொல்லும் வியாபாரத்தை நாம் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?