காட்சி யாருக்கு, தனிமை யாருக்கு?

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் வாரத்துக்கு ஒரு சோடியாவது மலையேறுது. பாதை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன். தலவாக்கலைப் பக்கம் டெவோன் நீர்வீழ்ச்சியில் ஒரு நிறுத்தம், சென் கிளேயரில் இன்னொரு நிறுத்தம். நானுஓயா தாண்டி நுவரெலியாவில் ஓர் இரவு. பிறகு வெலிமடை, பண்டாரவளை வழியாக எல்ல. அங்கே ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரும்வரை காத்திருந்து எடுத்த படம் கட்டாயம் இருக்கும். இடையில் எங்காவது ஒரு பழைய துரை பங்களாவில் இரண்டு நாள்: பெரிய மரக் கட்டில், விறகு எரியும் கணப்பு, பின்னேரம் புல்வெளியில் தேநீர், இரவில் மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒவ்வொரு தட்டாக வந்து போகும் சாப்பாடு. பின்னணியில் ஒரு இளையராஜா பாட்டு.

இதைப் பார்த்துப் பொறாமை வரவில்லை என்று சொன்னால் பொய். காதலிக்கிற இரண்டு பேர் சேர்ந்து ஓரிடத்துக்குப் போறதே எங்கட நாட்டில் லேசான காரியம் இல்லை. அறை கேட்டால் முதலில் அடையாள அட்டை, பிறகு ஒரு மாதிரியான பார்வை, சில இடங்களில் 'கலியாணம் முடிச்சிட்டீங்களா?' என்ற கேள்வி. கடற்கரையில் ஒரு குடைக்குக் கீழே இருந்தாலே ஊர்க் கலாசாரம் கெட்டுப்போச்சு என்று புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் இரண்டு பேர் கைகோர்த்துக்கொண்டு மலைக்குப் போறதை நாங்கள் சந்தோசமாத்தான் பார்க்கிறம். எங்கட கேள்வி வேறு. படத்தில் தெரிகிற அந்த மலை எப்படி வந்தது? படத்துக்குள் வராமல் நிற்கிறவர்கள் யார்?

அந்தக் காணொளிகளில் அடிக்கடி வரும் சொல் 'இயற்கை அழகு'. தேயிலை மலையில் இயற்கை குறைவு, உழைப்புத்தான் கூட. அங்கே முதலில் காடு இருந்தது. காட்டை அழித்துக் கோப்பி வைத்தார்கள். கோப்பியை இலைநோய் தின்ற காலத்தில் தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் வர்த்தகத்துக்காகத் தேயிலை நட்டது 1867இல். சும்மா விட்டால் தேயிலை மரமாக வளரும். அது இடுப்பளவில், சீவிவிட்ட மாதிரி நிற்பதற்குக் காரணம் சில வருசங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுறவர்களும், ஏழெட்டு நாளுக்கு ஒருக்கா அதே செடிக்குத் திரும்பி வந்து கொழுந்து எடுக்கிற பெண்களும்தான். கான் வெட்டி, புல்லு வெட்டி, மருந்தடித்து, அட்டைக்கடியும் குளவிக்கொட்டும் வாங்கித்தான் அந்தப் பச்சை பச்சையாக இருக்குது. ஒரு மாதம் எல்லாரும் வேலையை நிறுத்தினால் அந்தக் 'காட்சி' கலைஞ்சிடும்.

காட்சியைப் பார்க்கிற இடத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு. ஹப்புத்தளைக்கு மேலே லிப்டன் சீற். விடியமுதல் முச்சக்கரவண்டி பிடித்துப் போய் சூரிய உதயம் பார்க்கிற இடம். தம்பத்தென்ன தொழிற்சாலையை 1890இல் கட்டிய தோமஸ் லிப்டன், தன்ர தோட்டங்களைப் பார்ப்பதற்காக வந்து இருந்த இடம் அது. அவர் பார்த்தது தன்ர சொத்தை. பழைய பங்களாக்களில் பலவும் அப்படித்தான்: துரை மேட்டில், லயம் பள்ளத்தில். மேட்டிலிருந்து பார்த்தால் எந்த மலையில் யார் வேலை செய்யினம் என்று தெரியும். பள்ளத்திலிருந்து பார்த்தால் பங்களாவின் வேலி மட்டும் தெரியும். இன்றைக்கு நாங்கள் காசு கொடுத்து வாங்குகிற 'வியூ' தொடக்கத்தில் ஒரு கண்காணிப்பு. அந்தக் கதிரையில் போய் இருக்கும்போது இதைத் தெரிந்துகொண்டு இருப்பது நல்லது.

பிறகு காலம் மாறியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் திரும்பவும் கம்பனிகளிடம் போனது. தேயிலையோடு சுற்றுலாவும் வருமானம் தரும் என்று விளங்கியது. கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று 1996இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றி இருந்த துரை பங்களாக்கள் 2005இலிருந்து சொகுசுத் தங்குமிடங்களாயின. கட்டடங்களை இடிக்காமல் காப்பாற்றினார்கள், நல்ல வேலை. பழைய மரத்தளம், பழைய குளியல்தொட்டி எல்லாத்துக்கும் மெருகு ஏறியது. அதே மலையில், அதே காலத்தில் கட்டின இன்னொரு வகைக் கட்டடமும் இருக்கு. அதற்கு மெருகு ஏறவில்லை. அதன் பெயர் லயம்.

லயத்து அறை என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். எங்களில் சிலர் அதற்குள் பிறந்து வளர்ந்தவர்கள். அதனால் அளவைச் சொல்லாமல் வேறொன்று சொல்றம். அந்தக் காம்பராவில் அம்மா அப்பா இருப்பார்கள், அப்பாயி இருப்பார், படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். அண்ணனுக்குக் கலியாணம் நடந்தால் அண்ணியும் அங்கேதான் வருவார். ஒரு சேலையையோ படங்கையோ குறுக்கே கட்டிவிட்டால் அதுதான் புதுச்சோடியின் அறை. பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். புருசனும் பொஞ்சாதியும் மனம்விட்டு நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் தண்ணிப் பீலிக்கோ கோயில் திருவிழாவுக்கோதான் போகோணும்.

பங்களாவில் சோடிகளுக்கு விற்கப்படுகிற முதல் பொருள் எது என்று யோசித்துப் பாருங்கள். தனிமை. 'உங்கள் இருவருக்கும் மட்டுமே' என்றுதான் விளம்பரம் சொல்லுது. ஒரே மலையில், ஒரு மைலுக்குள், ஒரு சோடி தனிமைக்காக டொலரில் நூற்றுக்கணக்கில் கட்டுது. இன்னொரு சோடிக்கு வாழ்க்கை முழுக்க ஓர் இரவுகூட அது கிடைக்குதில்லை. வறுமை என்றால் சம்பளச் சீட்டை மட்டும் பார்க்கிறம். கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இல்லாததும் வறுமைதான். அதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறம்.

சம்பளச் சீட்டையும் பார்ப்பம். 1000 ரூபா கேட்டு வருசக்கணக்காகப் போராடின பிறகு 2021இல்தான் அது கிடைத்தது. 2024இல் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக்கப்பட்டபோது, அது ஐந்து டொலருக்கும் குறைவு. அதற்குப் பிறகு நடந்த பேச்சும் இருநூறு ரூபா கூட்டுறதைப் பற்றித்தான். அதுவும் சொன்ன கிலோவை எடுத்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். ஒரு மனிசருடைய உழைப்புக்குப் 'பேர்' என்று பெயர் வைத்து, அந்தப் பேரையே பாதியாக வெட்டுகிற கணக்கு உலகத்தில் வேறெங்கும் இருக்குதோ தெரியாது.

இனி மேசைக்கு வருவம். இப்போது நல்ல தங்குமிடங்களில் உள்ளூர்ச் சாப்பாட்டுக்கு மவுசு. ரொட்டியும் கட்டச்சம்பலும் வெள்ளைத் தட்டில், ஓரத்தில் ஒரு கீரை இலையோடு வருது. சந்தோசம்தான். ஆனால் அந்த ரொட்டி கோதுமை மாவில் தடிப்பாக இருப்பதற்குக் காரணம் ருசி இல்லை. காலையில் பெரட்டுக்கு ஓட வேண்டிய அம்மாவுக்குச் சுலபமாகச் சுடக்கூடியதும், மத்தியானம்வரை வயிறு தாங்கக்கூடியதும் அதுதான். தேத்தண்ணியும் அப்படியே. நல்ல தேயிலை பெட்டியேறிக் கப்பலில் போகும். அதைப் பறித்த வீட்டில் கொதிக்கிறது அனேகமாகத் தூள்தான். பங்களாவில் தேநீரின் வாசனையை எப்படி முகர்வது, வாயில் எப்படி உருட்டுவது என்று வகுப்பு எடுக்கினம். அந்த வகுப்பில் கொழுந்து எடுத்த கையைப் பற்றி ஒரு வரி வந்தால் பெரிசு.

இன்னொரு பழக்கமும் வந்திருக்கு. சில இடங்களில் வந்தவர்களுக்குச் சேலை கட்டி, கூடையை மாட்டிவிட்டு மலையில் நிற்கவைத்துப் படம் எடுக்கினம். பத்து நிமிச 'அனுபவம்'. பக்கத்தில் உண்மையாகவே கொழுந்து எடுக்கிற அக்காவை ஒரு கேள்வியும் கேட்காமல் பிரேமுக்குள் இழுத்துவிடுவார்கள். அவர் சிரித்தால் 'வெள்ளந்தி மனிதர்கள்', காசு கேட்டால் 'இப்ப எல்லாரும் கெட்டுப் போயிட்டினம்'. படத்துக்கு நின்ற பத்து நிமிசத்தில் அவருடைய கிலோ குறையுது என்பதை யார் கணக்கில் எடுக்கிறது?

இவ்வளவும் சொன்னால் ஒரு பதில் உடனே வரும்: 'சுற்றுலா வந்தாத்தானே அங்க உள்ள பொடியங்களுக்கு வேலை?' உண்மை. எங்கட நண்பர்களின் தம்பிமார், தங்கச்சிமார் அந்த ஹோட்டல்களில் வேலை செய்யினம். சம்பளம் மலையைவிடப் பரவாயில்லை, சேர்விஸ் சார்ஜும் கிடைக்குது, மழையில் நனையத் தேவையில்லை. அந்த வேலைகளை நாங்கள் கேவலமாகச் சொல்லவில்லை. ஆனால் தாத்தா துரைக்குத் தேத்தண்ணி கொண்டுபோன அதே வராந்தாவில் பேரனும் தட்டோடுதான் நிற்க வேண்டுமா? அவன் ஏன் அந்த மலையில் ஒரு சின்னத் தங்குமிடத்தின் முதலாளியாக இருக்கக் கூடாது?

இங்கேதான் கதை காணியில் வந்து முட்டுது. எல்லவில் ஊர்க்காரர் ஒருவர் தன்ர வீட்டில் இரண்டு அறை கூட்டிக் கட்டி, 'ஹோம்ஸ்டே' என்று பலகை போட்டுப் பிழைக்கலாம். சொந்தக் காணி இருக்கு, உறுதி இருக்கு, வங்கியில் கடன் கேட்கலாம். லயத்தில் இருக்கிறவர் அதைச் செய்ய முடியாது. அவர் இருக்கிற காம்பரா அவருடையது இல்லை, முற்றமும் அவருடையது இல்லை. 200 வருசமாக அந்த மலையில் இருந்தும் ஒரு பலகை நட உரிமை இல்லை. 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். அதை முழுதாகத் திருப்பித் தர 2003 வரை சென்றது. காணி இன்னும் வந்து முடியவில்லை. ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் தனி வீடு என்று 2015க்குப் பிறகு ஒரு திட்டம் நடந்தது, வீடுகளும் எழும்பின. ஆனால் லயத்தில் இருக்கிற குடும்பங்களின் தொகைக்கு அது காணாது. வீடு கிடைத்தவர்களிலும் உறுதிக்காக அலைகிறவர்கள் இருக்கினம். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்து போனவர்களின் முக்கியமான கோரிக்கைகளில் காணியும் ஒன்று.

காணிக்கு இன்னொரு பக்கமும் இருக்கு: உயிர். தியலும நீர்வீழ்ச்சியின் மேலே இருக்கிற குளங்களில் குளிக்கச் சோடி சோடியாகப் போயினம். அதே கொஸ்லாந்தைப் பக்கம்தான் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். போக வேறு காணி இல்லாதவர்களுக்கு எச்சரிக்கை எதற்கு உதவும்? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை எங்கும் மண் சரிந்தது. அதன் பிறகு எங்கட கைபேசிகளில் அதிகம் வந்த கேள்விகளில் ஒன்று 'எல்ல ரோட் திறந்தாச்சா?' என்பது. கேட்டதில் பிழையில்லை. ரோட் திறந்தால்தான் நிவாரணமும் போகும். அதோடு 'அந்த லயத்து ஆக்கள் இப்ப எங்க இருக்கினம்?' என்றும் கேட்டிருக்கலாம்.

அதனால் மலைக்குப் போகாதீர்கள் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. குற்றவுணர்ச்சியோடு கேக் சாப்பிட்டால் யாருடைய வயிறும் நிறையாது. போங்கள். போகும்போது சிலதைச் செய்யலாம். இரண்டு இரவில் ஓர் இரவையாவது ஊர் ஆட்கள் நடத்துகிற சின்ன இடத்துக்குக் கொடுங்கள். தோட்டச் சந்தியில் இருக்கிற கடையில் இறங்கி வடையும் பிளேன்டியும் குடியுங்கள், காசு நேரே அந்தக் கைக்குப் போகும். கொழுந்து மலையில் கமராவைத் தூக்க முதல் 'அக்கா, எடுக்கலாமா?' என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பங்களாவில் உபசரிக்கிற தம்பியிடம் எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். திரும்பி வந்து எழுதுகிற ரிவியூவில் குளியல்தொட்டிக்குக் கொடுக்கிற வரிகளில் இரண்டை, கீழே தெரிந்த தகரக் கூரைகளுக்கும் கொடுங்கள்.

இவை சின்ன விசயங்கள், இவற்றால் லயம் ஒழியாது என்பதும் தெரியும். லயம் ஒழிய சட்டமும் காணியும் உறுதியும் வேணும். அதற்குக் கம்பனியையும் அரசாங்கத்தையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் விடாமல் கேட்கோணும். மலையகத்தார் மட்டும் கேட்டால் அது 'தோட்டப் பிரச்சினை' என்று ஒதுக்கப்படும். அந்த மலையை ரசித்த எல்லாரும், யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கேட்டால் அது நாட்டின் பிரச்சினையாகும். ரசிக்கிறவர்களுக்கும் அந்த மலையில் ஒரு பங்கு பொறுப்பு இருக்கு.

நாங்கள் ஆசைப்படுகிற காணொளி ஒன்று இருக்கு. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து புதுசாக் கலியாணம் முடித்த ஒரு சோடி. சொந்தக் காணியில் சொந்த வீடு, பூட்டுப் போடக்கூடிய ஓர் அறை. லீவு எடுத்துக்கொண்டு ரயிலேறி மூன்று நாளைக்குத் திருகோணமலைக் கடல் பார்க்கப் போயினம். நல்ல இடத்தில் தங்கி, நல்ல நண்டுக் கறி சாப்பிட்டு, ஊர் திரும்பிச் சண்டை பிடிக்கினம். அதை யாரும் அதிசயமாகப் பார்க்கக் கூடாது.